சாவி என்னிடம்

சனிக்கிழமை காலை வாளியோடு வருவேன்.
கதவின் சாவி என் முழங்கை நீளம்;
அதன் துருவுக்கும் எனக்கும் இருபது ஆண்டுப் பழக்கம்.
திறந்ததும் முகத்தில் அறையும் நெடி:
ஈரக் கல், பழைய மெழுகு,
அப்புறம் அவர்கள்.

முந்நூறு வௌவால், எண்ணிப் பார்த்தவர் சொன்னது.
நார்ஃபோக் பார்லி வயல்களுக்கு நடுவே
ஞாயிறுக்குப் பதினோரு பேர் வரும் கோயிலுக்கு
முந்நூறு பேர் தவறாமல் வருகிறார்கள்.
காணிக்கை மட்டும் வேறு மாதிரி.

பீடத்தின் பிளாஸ்டிக் விரிப்பை உருவி, வெளியே உதறி,
தரையை மண்டியிட்டுத் துடைப்பேன்.
ஜெபத்துக்கு முழங்கால் மெத்தை உண்டு.
எச்சத்துக்கு வெறுங்கல்.

திருமண்டல அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன்.
'தீட்டான பறவைகளின் பட்டியலில்
மோசேயே இவற்றைச் சேர்த்திருக்கிறார்' என்று
வேதத்தையும் துணைக்கு இழுத்தேன்.
சட்டம் இருக்கிறது, கலைக்கக் கூடாது என்று
பதில் வந்தது, மூன்று முறையும் ஒரே பதில்.
வௌவால் வீட்டுக்கு விருந்து போனால்
தலைகீழாய்த் தொங்கத்தான் வேண்டும், சரி.
ஆனால் யார் வீட்டுக்கு யார் விருந்து?

ஆண்டுகொள்ளுங்கள் என்ற சொல்லை
ஏழு வயதில் மனப்பாடம் செய்தவள் நான்.
நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றே
நெடுநாள் நினைத்திருந்தேன்.

வடபுறத் தரையில், பித்தளைத் தகட்டில்
சர் ஏமர் படுத்திருக்கிறார்,
இடுப்பில் வாள், காலடியில் நாய்.
நான்கு ஊருக்குப் பிரபு என்று பொறித்திருந்தது.
அறுநூறு ஆண்டு எந்தப் படையின் உளியும் தொடாத எழுத்தை
இவற்றின் மூத்திரம் தின்றுவிட்டது.
முதலில் ஊர்கள் போயின. பிறகு பிரபு.
மிச்சம் ஒரு பெயரும்
'இரங்கும்' என்ற வேண்டுதலும்.
எத்தனை வாரம் தேய்த்திருப்பேன், அந்தப் பிரபுவைத் திரும்ப வரவழைக்க!

ஜூன் கடைசியில் அந்த 'இரங்கும்' மேல்
ஏதோ கிடந்தது.
உதிர்ந்த இதழ் என்று துடைப்பத்தை நீட்டினேன்.
அது வாய் திறந்தது.

ரோமம் இல்லை. ஒரு பென்னியின் எடையும் இல்லை.
கையுறையோடு எடுத்தேன்.
சிறகென்று நான் நினைத்தது விரிந்து
கையாயிற்று:
நான்கு நீள விரல், ஒரு கட்டைவிரல்.
அந்தக் கட்டைவிரல் என்னைப் பற்றிக்கொண்டது,
ஞானஸ்நானத் தொட்டியருகே
எவர் சட்டையையும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் போல.

தொலைபேசியில் ஒரு பெண் சொன்னாள்:
'வெந்நீர்ப் புட்டிக்குக் காலுறை மாட்டி,
அதன்மேல் ஏற்றி விடுங்கள்.
இருட்டியதும் தாய் வரலாம்.
வராமலும் போகலாம்.'

காலுறைக்கு எங்கே போவேன்?
இடது காலணியைக் கழற்றினேன்.

விளக்கை அணைத்தேன்.
ஒன்பதரை வரை சன்னலில் வெளிச்சம் சாகவில்லை.
ஒரு கால் வெறுங்கல்லில் குளிர,
அசையாமல் இருப்பதே வேலையாக இருந்தேன்.
பீடத்தருகே குருவிக்குக் கூடு கிடைத்ததை
வியந்து பாடியவர்,
அடியில் யார் துடைத்தார்கள் என்று பாடவில்லை.
அந்த ஆள் நானாக இருக்கலாம் என்று
இருட்டில் தோன்றியது.
சிரிப்பும் வந்தது.

மேலே காற்று கிழியும் ஒலி, பல முறை.
என் முகத்துக்கு மிக அருகே ஒரு முறை.
எதையும் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

காலையில் புட்டி ஆறிக் கிடந்தது.
காலுறையில் யாரும் இல்லை;
மிளகுபோல் இரண்டு மணி எச்சம்.

ஞாயிறு, பதினோரு பேர் வந்தார்கள்.
வாசித்தது உக்கிராணக்காரன் கணக்கு ஒப்புவிக்கும் பகுதி.
என் கணக்கில் என்ன எழுதுவேன்?
காலுறை, ஒன்று.

நெடி குறையவில்லை.
பீடத்தில் புதிதாக விழுந்திருந்தது, துடைத்தேன், திட்டிக்கொண்டே.
எல்லாரும் போன பிறகு
சாவியை இரண்டு கையாலும் பிடித்து
மெல்லத் திருப்பினேன்,
உள்ளே தூங்குகிறார்கள்.